நெட்டி மாலை போட்ட ஆடு

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். இருந்தேன். பிறகு போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு, காய்ந்த துணி எடுக்கப் போகிறவள்போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். நேரிலும் அவ்வளவாக வராது. உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லோரும் போனபின் டீச்சரை வாசலில் பிடித்துப் பேசுகிறவள் நான். எழுதினால் ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். "உங்க ஆடெல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு? அப்ப நான் சரின்னு சொல்லிடட்டுமா?" எங்கள் நிலையத்தில் ஆடுகளுக்கு வைத்துப் பார்க்கிறோமே, பன்றியின் மூச்சுக்குழாயிலிருந்து செய்த ஒட்டுத் துண்டு, அதைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதல்முறையாக மனிதருக்கு வைக்கப்போகிறார்கள். அதற்குச் சம்மதமா என்று உன்னையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். சித்திரையில் ஆபரேஷன், ஆவணியில் கல்யாணம், மணமேடையில் கழுத்தில் குழாய் இல்லாமல் நீ. இதில் ஆசைப்படாமல் யாரால் இருக்க முடியும்? ஆனால் நீ சொல்லப்போகும் அந்தச் 'சரி'யில் உன் மூச்சு இருக்கிறது. அதனால் எங்கள் கொட்டகையில் நான் கண்ணால் பார்த்ததை, பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். குறுக்கே ஏதாவது புத்திமதி வந்தால் பொறுத்துக்கொள். அம்மாக்களுக்கு அது இல்லாமல் எழுத வராது.

அந்தக் குழாய் உன் கழுத்துக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் நினைவிருக்கும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் வயலை ஒட்டி நாம் குடியிருந்தபோது, தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த உன்னைக் கட்டுவிரியன் தீண்டியது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. கடித்த இடத்தில் வீக்கம்கூட இல்லை. கண் இமை தொங்கியது, பேச்சு குழறியது, பிறகு மூச்சே அடங்க ஆரம்பித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். வாய் வழியாகக் குழாய் விட்டு, மெஷின்தான் வாரக்கணக்கில் உனக்காக மூச்சு விட்டது. உயிரைப் பிடித்து வைத்த அதே குழாய் உள்ளே உராய்ந்து புண்ணாக்கியது. புண் ஆறும்போது தசை தடித்து வழியை அடைத்தது. விரித்துப் பார்த்தார்கள், மறுபடி சுருங்கியது. கடைசியில் அடைப்புக்குக் கீழே கழுத்தில் துளை போட்டுக் குழாயை வைத்து, "பெரியவன் ஆனதும் பாத்துக்கலாம்மா" என்றார்கள். பெரியவன் ஆகிவிட்டாய்.

நீ அதோடு வளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பேச வேண்டும் என்றால் விரலால் துளையை மூடிக்கொள்வாய்; விரலை எடுத்தால் காற்றுதான் வரும், குரல் வராது. வகுப்பில் பசங்கள், "நாயனம் வருது, வழி விடுங்கடா" என்று கத்தியதைக் கேட்டு நான் வீட்டில் அழுதேன். நீ மறுநாள் அவர்களிடம் போய், "தவுலுக்கு ஆள் வேணும், யார்ரா வர்றீங்க?" என்று கேட்டாயாம். டீச்சர் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு நாயனம் என்பது கேலியாக இல்லாமல் உன் பெயராகவே ஆகிவிட்டது. அப்பா உன்னை நாகூருக்குக் கூட்டிப்போனதும் அந்த வருஷம்தான். தர்காவுக்குப் போகும் வழியில் ஒரு கடையில் வெள்ளித் தகட்டில் கண், காது, கை, கால், வயிறு, தொட்டில், படகு என்று காணிக்கைக்கு எல்லாம் அடுக்கியிருந்தார்கள்.

"மூச்சுக்குழாய் இருக்கா பாய்?" என்று அப்பா கேட்டார்.

கடைக்காரர் தட்டை முழுக்கக் கிளறிப் பார்த்தார். "அது இல்லைங்களே. தலை தரவா, நெஞ்சு தரவா?"

"ரெண்டுக்கும் நடுவுல வேணும்."

"அப்ப முழு ஆளா வாங்கிக்குங்க. எல்லாம் உள்ளாற அடங்கிடும்."

நீ விரலை வைக்க மறந்து, சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அந்த முழு ஆளைத்தான் செலுத்திவிட்டு வந்தோம்.

சில வருஷம் கழித்து நான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் என்ற பெயர் இருந்ததே தவிர, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் கல்யாணம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு விலங்கியல் படித்தேன். நம் இருவரையும் பார்த்து அக்கா தம்பியா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வக உதவியாளர் வேலை என்ற விளம்பரத்தில் மூச்சுக்குழாய் என்ற சொல்லைப் பார்த்தேன். வேறு எந்த உறுப்பின் பெயர் இருந்திருந்தாலும் விண்ணப்பித்திருக்க மாட்டேன்.

நாங்கள் செய்வது இதுதான். பன்றியின் மூச்சுக்குழாய் பருமனில் மனிதனுடையதற்கு அருகில் வரும். ஆனால் அப்படியே எடுத்து இன்னொரு விலங்குக்கு வைத்தால், அந்த உடம்பு அதை அன்னியமாகப் பார்த்து அழித்துவிடும். அதனால் அதை மருந்துத் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் அலசுவோம். அலச அலசப் பன்றியின் உயிரணுக்கள் எல்லாம் கரைந்து வெளியே போய், கூடு மட்டும் வெள்ளையாக, வளையம் வளையமாக நிற்கும். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி. அதில் ஒரு துண்டை ஆட்டின் மூச்சுக்குழாயில் வைத்துத் தைப்போம். ஆட்டின் சொந்த உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து அந்த வீட்டில் குடியேற வேண்டும். வரும் என்று பலமுறை பார்த்துவிட்டோம். சின்னக் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும்போது, வெளுத்துக் கிடந்த ஒட்டில் ஒருநாள் இளஞ்சிவப்பு தெரியும். ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பொண்ணு அக்கா திரையைப் பார்த்ததும், "பச்சை புடிச்சிருச்சு!" என்று கத்துவார். நட்ட நாற்று சில நாள் மஞ்சள் பூத்துத் துவண்டு கிடந்து, வேர் பிடித்து நிமிர்வதை நம் பக்கம் அப்படித்தானே சொல்கிறோம். எங்கள் பேராசிரியர் வெளியூர்க்காரர். "செவப்பா இருக்கு, நீங்க பச்சைங்கிறீங்க" என்பார். "நடவு முடிஞ்சு ஒரு தடவை வயப்பக்கம் வாங்க சார், காட்டுறேன்" என்பார் அக்கா. இப்போது அவரே மீட்டிங்கில் பச்சை பிடித்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்.

நான் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னதெல்லாம் இந்தப் பச்சை பிடித்த கதைகள்தான். நல்ல சேதிதானே, எப்படிச் சொல்லாமல் இருப்பது? ஆனால் இந்தத் தையில் நடந்தது உனக்குத் தெரியாது.

ஒட்டு வைத்த ஆடுகளுக்குக் கழுத்தில் கயிறு கட்டக் கூடாது என்பது கொட்டகையின் முதல் விதி. நெஞ்சைச் சுற்றித்தான் வார் போட்டிருப்போம். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று கொட்டகையைக் கழுவி, கோலம் போட்டு, எல்லா ஆடு மாடுகளையும் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நெட்டி மாலை போட்டார்கள். குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவி, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் தோய்த்து நாரில் கோத்தது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஒட்டு வைத்து நன்றாகத் தேறிவிட்ட ஒரு கறுப்பு ஆடு மட்டும் மாலை இல்லாமல் நின்றது.

"எல்லாத்துக்கும் போட்டுட்டு இது மட்டும் மூளியா நிக்கணுமா சார்? நல்ல நாளும் அதுவுமா?" என்றார் சின்னப்பொண்ணு அக்கா.

பேராசிரியர் மாலையைத் தூக்கிப் பார்த்தார். "கயிறுதானே கூடாதுன்னோம். இது பூ மாதிரி இருக்கு. போடுங்க, போடுங்க."

அவரே ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டார். அக்கா போட்டார். நான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். 'மாப்பிள்ளை எனக்கு முன்னாடி ரெடி ஆயிட்டாரு' என்று நீ பதில் அனுப்பியிருந்தாய். கயிறு ஆகாது என்று தெரிந்த அத்தனை பேரும் அங்கே நின்றோம். மாலையைக் கயிறு என்று நினைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பொங்கலன்று நம் ஊரில் யாருக்குத் தோன்றும்?

வாசலில் நின்று கரும்பு கடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த தடுப்பில் இருந்த ஆடு கம்பி வழியாகத் தலையை நீட்டி, நெட்டி மாலையைத் தின்ன ஆரம்பித்திருக்கிறது. தின்று இழுத்திருக்கிறது. கறுப்பு ஆடு பின்னால் நகர்ந்திருக்கிறது. ஆடுகள் நாள் முழுக்கச் செய்வதுதான் இது. வேறு ஆடாக இருந்திருந்தால் ஒரு கத்துக் கத்தியிருக்கும், நார் அறுந்திருக்கும், முடிந்திருக்கும். எனக்குக் கேட்டது கத்தல் இல்லை, மெல்லிய ஒரு விசில். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், தம்பி. உனக்குத் துளை போடுவதற்கு முன் நீ மூச்சு இழுக்கும்போது வந்த சத்தம் அது. கரும்பைப் போட்டுவிட்டு ஓடினேன். நாரை அறுத்தோம். பேராசிரியர் வேட்டியோடு தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து குழாய் விடப் பார்த்தார். அதற்குள் அடங்கிவிட்டது.

மறுநாள் அதைத் திறந்து பார்த்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். உள்தோல் அவ்வளவு அழகாக மூடியிருந்தது. எங்கே பன்றி முடிகிறது, எங்கே ஆடு தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வளையங்கள் இளகிப்போயிருந்தன. நல்ல மூச்சுக்குழாயை விரலால் அழுத்தினால் அது எதிர்த்து நிற்கும், விட்டால் பழையபடி விரியும். இது மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி. யாரும் தொடாதவரை தானாக நிற்கும். லேசாக ஒரு நெருக்கு நெருக்கினால் மடிந்துவிடும், திரும்ப விரியாது. கேமராவில் இத்தனை காலம் நாங்கள் பார்த்தது உள்ளே இருந்து. வெளியே இருந்து யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. கழுத்தில் எதுவும் படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே, எப்படித் தெரியும்?

பிறகு அறிக்கை பற்றிய மீட்டிங். சென்னை ஆஸ்பத்திரி அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் மனிதருக்கு வைப்பதைப் பற்றி முடிவு செய்யும். பேராசிரியர், "மாலை போடாம இருந்திருந்தா அது இன்னிக்கும் தழை தின்னுகிட்டு இருக்கும். விபத்துன்னு தனியா எடுத்து வெச்சிடுவோம்" என்றார். அவர் எதையும் மறைக்கிறவர் இல்லை. பாம்பு கடித்துச் செத்த ஆட்டையோ வண்டி மோதிய ஆட்டையோ கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம்தான். பக்கத்தில் இருந்த இளம் டாக்டர், "ஸ்டாஃப் கேர்லெஸ்னு ஒரு வரி போட்டுடலாம் சார்" என்றார். கதவுக்கு வெளியே சின்னப்பொண்ணு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். அத்தனை வருஷத்தில் அந்த அறையில் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆட்டுக்குக் கழுத்துல எதுவும் கட்டக் கூடாதுன்னு எழுதிச் சுவத்துல ஒட்டிட்டோம். மனுஷங்களுக்கு அதை எங்க சார் ஒட்டுறது?"

நிறுத்தினால் பேச்சு மறுபடி வராது என்று தெரிந்து நான் பேசிக்கொண்டே போனேன். "துண்டு போட்டுக்குவாங்க. சங்கிலி போட்டுக்குவாங்க. புள்ளைங்க பின்னாலேர்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கும். கல்யாணத்துல மாலை போட மாட்டேன்னு சொல்ல முடியுமா? இது விபத்து இல்லைங்க சார். கழுத்துன்னு இருந்தா நடக்கிறதுதான். இதைச் சேர்க்கணும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க பையனையும் அங்க கூப்பிட்டுப் பேசியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்மா. இதைச் சேர்த்தா அவங்க இப்போதைக்கு நிறுத்திடுவாங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன் சார். அதான் இப்பவே சொல்றேன்."

அவர் சேர்த்தார். முதல் பக்கத்திலேயே சேர்த்தார். சென்னையில் நிறுத்திவிட்டார்கள். சித்திரையில் இல்லை, இந்த வருஷமே இல்லை. இரண்டொரு நாளில் உனக்கு அவர்களே சொல்வார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது எனக்கு இது தெரியும். நிறுத்தச் சொன்னது யார் என்பதை அவர்கள் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். நான்தான்.

அப்பாவிடம் மீட்டிங் நடந்த அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். கடையில் ஒரு பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. "ஊரு உலகத்துல எதுக்கும் வாய் திறக்காதவ, பெத்த புள்ளைக்குன்னு வந்தப்பதான் திறந்தியா?" என்றார். "வேற யாராச்சும் சொல்லட்டும்னு இருந்திருக்கலாம்ல?"

"யாரும் சொல்லலைங்க."

"சொல்லாம இருந்தா என் புள்ள விரலை எடுத்துட்டுப் பேசியிருப்பான்டீ."

அன்றிலிருந்து சாப்பிடுகிறார், கடைக்குப் போகிறார், தேவைக்குப் பேசுகிறார். நீ போன் செய்தால் முதலில் அவரிடம் பேசு. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது உன்னைவிட அதிகம். ஆவணிக்குக் கழுத்துப்பட்டை வைத்த சட்டை வேண்டாம், காலர் இல்லாத பட்டு ஜிப்பாதான் என்று தையற்காரரிடம் பேசி வைத்திருந்தாராம். எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ கட்டிக்கொள்ளப்போகும் அபிராமி, போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து தன் அம்மாவோடு வந்திருந்தாள் அல்லவா? நீ கூடத்தில் பேசிக்கொண்டிருந்தாய். அவள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்டப் பேசறப்பகூட இவங்க ஏன் விரலை வெச்சுக்கிட்டே இருக்காங்க? கை வலிக்காதா?" என்றாள்.

"மூடலைன்னா சத்தம் வராதும்மா."

"சத்தம் எதுக்கு? மீன் படகு கரைக்கு வர்றப்ப இன்ஜின் இரைச்சல்ல எங்கப்பா பேசறது யாருக்குக் கேக்குது? வாயைப் பாத்தே என்ன மீனு, எவ்வளவு மீனுன்னு நாங்க சொல்லிடுவோம். அவரு என்னை ஏசுறதுகூட எனக்குப் புரியும்."

"அவன் ஏச மாட்டாம்மா."

"கல்யாணம் ஆகட்டும் அத்தை, ஏசுவாங்க."

அவள் உன்னிடம் இதைச் சொன்னாளா என்று தெரியவில்லை. குழாயை எடுத்துவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும் என்ற கெடுவை அவள் வைக்கவில்லை, நீயாக வைத்துக்கொண்டாய். நானும் சேர்ந்துதான் வைத்தேன். குழாய் இல்லாத கழுத்தோடு ஒரு கல்யாணப் போட்டோ எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் முகூர்த்த நாள் பார்த்து உடம்பு எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. உனக்கு நான் சொல்ல விரும்பும் புத்திமதி இவ்வளவுதான். யார் எந்தப் புது வைத்தியத்தை உன்னிடம் கொண்டுவந்தாலும், நன்றாக இருப்பதை அவர்கள் காட்டிய பிறகு, நன்றாக இல்லாமல் போனதையும் காட்டச் சொல். அதைக் காட்டுகிறவரிடம் கழுத்தைக் கொடு. என் பேராசிரியர் காட்டினார் என்பதால்தான் அவரிடம் இன்னும் வேலை பார்க்கிறேன்.

வேலை நிற்கவில்லை. கூட்டின் வளையங்களுக்கு ஆட்டின் சொந்தக் குருத்தெலும்பிலிருந்தே தாங்கல் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறோம். பச்சை பிடித்தால் மட்டும் போதாது, வெளியிலிருந்து அழுத்தி விட்டாலும் திரும்ப விரிய வேண்டும் என்று புது விதி எழுதியாகிவிட்டது. சின்னப்பொண்ணு அக்கா பத்து நாள் கொட்டகைப் பக்கமே வராமல் இருந்தார்; இப்போது வந்துவிட்டார், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. வயல்களில் சம்பா அறுத்து உளுந்து காய்த்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒரு ஆட்டுக்கு வைத்தோம். இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. நிற்குமா என்று எனக்குத் தெரியாது. பல வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதை என்னிடமே காட்டு, வேறு யாரிடமும் போக வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். என்றைக்காவது நானே உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, இது நிக்குது, சரின்னு சொல்லு" என்று சொன்னால், நீ ஒன்றும் யோசிக்க வேண்டாம். நிற்காது என்று சொன்னவளும் நான்தானே.

அம்மா